கொற்றமுனையில் சிரித்தது யார்

பிலோமினா கர்வாலோ தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கிய அன்று, கொற்றமுனைத் துறைமுகத்தின் மற்றப் பதினொரு கிரேன்களும் குளிர்காய்ச்சல் கண்டவை போல நடுங்கின. ஒன்பதாம் கிரேன் வீசிய வீச்சில் சுங்கக் கொட்டகையின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்து இலங்கையில் போய் இறங்கியது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் கட்டுக்கதை. பாதிக் கடலிலேயே விழுந்துவிட்டது.

இரண்டாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு அது. கிரேனின் உச்சிக்கு ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் குனிந்து உட்கார்ந்து, முதுகு ஒடிய லீவர் பிடித்த காலம் மலையேறிவிட்டது. தரையில் குளுகுளு மண்டபம். அதில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள். நெற்றியில் ஒரு பட்டை. ‘தூக்கு’ என்று நினைத்தால் வெளியே கிரேன் முப்பது டன் பெட்டியைத் தூக்கும்; ‘இறக்கு’ என்று நினைத்தால் இறக்கும். பட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் மாசானமுத்து, பயிற்சியின் முதல் நாளே பிலோமினாவிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார்.

“லீவர் இருக்கும்போது மனசு எங்க போனாலும் கை ஒழுங்கா நின்னாப் போதும்க்கா. இந்தப் பட்டைக்குக் கை கெடையாது. உள்ள ஒரு துளி நடுக்கம் வந்தா, அங்க பெட்டி ஊஞ்சலாடும்.”

“பசிச்சா ஆடுமா தம்பி?”

“பசிக்கெல்லாம் ஆடாது.”

“அப்பொ எனக்குப் பிரச்சினை இல்ல” என்று சொல்லிவிட்டுப் பட்டையை மாட்டினாள் பிலோமினா.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வருஷம் லாஷிங் கும்பலில் இருந்தவள். கப்பலில் அடுக்கிய பெட்டிகள் சரியாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை அது. நாலு பெட்டி உயரத்தில் ஒட்டிக்கொண்டு, தலைக்கு மேலே கிரேன் கொண்டுவரும் பெட்டியை அண்ணாந்து பார்த்தே ஒன்பது வருஷம் போயிற்று. அந்தப் பெட்டியைப் பிடித்திருக்கும் கை தன் கையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை, வெறி. நாற்பத்திரண்டு முடிந்தால் லாஷிங்கிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் தொண்ணூறு நாள் தகுதிகாண் பருவத்தை முடித்துவிட்டால் ஆறாம் நம்பர் நாற்காலி அவளுடையது. முடிக்காவிட்டால் இறால் கம்பெனியில் குத்தவைத்துத் தோல் உரிக்க வேண்டியதுதான்.

மற்றப் பதினொரு பேரும் ஆண்கள். அவர்களுக்குத் தலைவர் ஒன்றாம் நம்பர் வேதநாயகம். அவருடைய மீசையை ஒரு சுற்றுச் சுற்றிவர ஒரு நிமிஷம் ஆகும் என்பார்கள். முக்கால் நிமிஷம் போதும். வேதநாயகம் கெட்டிக்காரர், அதை மறைத்தால் பாவம். புயல் காற்றில்கூட முப்பது டன் பெட்டியை முட்டையின் மேல் வைத்து, முட்டை உடையாமல் எடுத்துவிடுவார்.

இந்தப் பதினொரு பேருக்குள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய பெட்டியாவது ஒரு முழத்துக்கு மேல் ஆடிவிட்டால், அன்றைய வேலை முடியும் வரை அந்த ஆள் கையில் பச்சைக் கண்ணாடி வளையல். ஒருவன் போட்டுக்கொள்ள, பத்துப் பேர் கைதட்டி ஊளையிடுவார்கள். அவர்களுக்கென்றே ஒரு வயர்லெஸ் அலைவரிசை. அதில் நாள் முழுக்க அந்த வளையல்காரனைப் பற்றித்தான் பேச்சு. பிலோமினா வந்த பிறகு சட்டம் கடுமையாயிற்று. அவளைவிட ஒரு பெட்டி குறைவாகத் தூக்கினாலும் ஒரு டஜன் வளையல். அவள் முதல் வாரமே எல்லோரையும் தாண்டிவிட்டாள். அப்புறம் என்ன, கொற்றமுனைக் கடைத்தெருவில் பச்சை வளையலுக்குப் பஞ்சம் வந்தது. வளையல் கிடைக்காமல் தள்ளிப்போட்டதில் இரண்டு வளைகாப்புகள் பிள்ளை பிறந்த பிறகுதான் நடந்தன.

மண்டபத்துக்குள் வேறு சத்தம் கேட்காது. கலகலவென்று வளையல் சத்தம்தான். வளையல் போடாத ஒரே ஆள் பிலோமினா. வேலைக்குத் தடையாக இருக்குமென்று அவள் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

கிரேன்களோ பேயாட்டம் ஆடின. பெட்டி பெட்டியோடு மோதியது. ஒரு நாள் முழுக் கப்பல் வெங்காயம் கடலில் கொட்டி, அந்தப் பக்கத்து மீனெல்லாம் கண்ணீரும் கம்பலையுமாகக் கரை ஒதுங்கின. பதினொரு பேரும் கூடிப் பேசினார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பெனிக்கு மனு போயிற்று: ‘பெண் அருகில் இருப்பதால் பட்டைகளின் மின்சாரம் கெடுகிறது.’

“ஒங்க பவுடர் வாசனையாம்க்கா” என்றார் மாசானமுத்து.

“நான் பவுடர் போடுதேனா?”

“இல்லதான். அதுவும் எழுதிருக்காவ. போடாம இருக்கதுனால வேர்வை வாசனையாம்.”

மேலாளர் ரத்தினவேல் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், யார் கடைசியாகப் பேசினாலும் அவர்கள் பக்கம் சாய்கிறவர். பிலோமினாவின் நாற்காலியைச் சுற்றிப் பலகைச் சுவர் எழுப்பினார். ஆட்டம் நிற்கவில்லை. அவளை மண்டபத்திலிருந்தே எடுத்து, அரை மைல் தள்ளி, கயிறுகளைப் போட்டு வைக்கும் பழைய கிட்டங்கியில் உட்கார வைத்தார். ஆட்டம் நிற்கவில்லை. வயர்லெஸ்ஸில் அவள் குரல் வருவதுதான் காரணம் என்றார்கள். மேற்பார்வையாளர் உத்தரவு சொன்னால் அவள் “சரி” என்பாள், அவ்வளவுதான். அந்தச் “சரி”யில் ஒரு நக்கல் இருக்கிறதாம். அவள் வாயையே திறக்காமல் மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டில் அதைவிடப் பெரிய நக்கல் இருக்கிறது என்று அடுத்த மனு போயிற்று.

எண்பத்து மூன்றாம் நாள், கேண்டீன் வாசலில் வேதநாயகம் அவளை மறித்தார். பின்னால் குரூஸ், ஒன்பதாம் நம்பர்க்காரன், இலங்கைக்குக் கூரை அனுப்பியவன்.

“இந்தாரும்மா. ஒனக்கும் எங்களுக்கும் பகை கெடையாது. நீயாப் போயிட்டா மரியாதையாப் போயிரும்.”

“எங்க போகச் சொல்லுதீய அண்ணாச்சி? கிட்டங்கிக்கு அப்புறம் கடல்தான் இருக்கு.”

“பொம்பளைக்கு எத்தனையோ வேலை இருக்கு.”

“இருக்கு. அதுல இது ஒண்ணு.”

குரூஸ் குறுக்கே விழுந்தான். “அண்ணாச்சி, மனசுக்குள்ள எப்படிச் சிரிக்கா பாருங்க! நம்மள வளையலோட பாக்கும்போதெல்லாம் சிரிச்சிருக்கா! கிட்டங்கியில தனியா ஒக்காந்து நாள் பூரா சிரிக்கா!”

“ஏ குரூஸு, ஒன் கைக்கு ரெட்டைப் பட்டை வளையல் நல்லாருக்கும்ல. ஒன் வீட்டுக்காரிகிட்டக் கேட்டு வாங்கிப் போடு” என்றாள் பிலோமினா. குரூஸின் முகம் சுருங்கி மாங்கொட்டை அளவு ஆயிற்று. அன்று பிற்பகல் ஒன்பதாம் கிரேன் ஆடிய ஆட்டத்தில் கலங்கரை விளக்கம் இரண்டு அடி நகர்ந்து உட்கார்ந்தது.

எண்பத்தைந்தாம் நாள் ரத்தினவேல் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இங்க பாருங்கம்மா. வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் வருது. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற ஆலைக்குக் கொதிகலன். இருநூத்தி நாப்பது டன். ஒத்தைக் கிரேன் தாங்காது. ரெண்டு கிரேன் சேந்து தூக்கணும், ரெண்டு பட்டையையும் இணைச்சு. மூணு மாசத்துல குறைஞ்ச ஆட்டம் யாருக்கோ அந்த ரெண்டு பேருதான் தூக்கணும்னு கம்பெனி விதி. முதல் ஆள் நீங்க.”

“ரெண்டாவது?”

“வேதநாயகம். அவங்க எல்லாம் சேந்து ஒரு நிபந்தனை வச்சிருக்காங்க. கலன் ஒரு சாணுக்கு மேல ஆடினா, பெண் இருந்தா ஆடும்கிறது நிரூபணம். அன்னைக்கே நீங்க விலகிடணும்.”

“ஆடலேன்னா?”

“சனிக்கிழமை விசாரணை வச்சு முடிவு பண்றோம்.”

“அப்பொ ஆடினா ஒடனே வெளிய, ஆடலேன்னா யோசிப்பீய. நல்ல நியாயம் சார்” என்றாள் பிலோமினா. “வச்சுக்கிடுங்க. தூக்குதேன்.”

வெளியே வந்து நேரே மாசானமுத்துவின் அறைக்குப் போனாள். மாசானமுத்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் சமையல் அவர்தான். அதற்காக மண்டபத்தில் அவரை ‘மாசானத்தம்மா’ என்று கூப்பிடுவார்கள். மனிதர் அசரமாட்டார். “இன்னைக்கு வத்தக்குழம்பு, வேணுமால?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

“தம்பி, நடுவுல நான் மூணு நாள் லீவு போட்டேம்லா, மாதா கோயில்ல மக புதுநன்மைக்கு? அந்த மூணு நாளும் இவங்க கிரேன் எப்படி இருந்திச்சு?”

மாசானமுத்து திரையைத் தட்டினார். பார்த்தார். டிபனை மூடினார். “ஆடிருக்குக்கா. வழக்கத்தவிடக் கூட.”

“நான் ஊர்லயே இல்ல. என் வாசனை மட்டும் பஸ் ஏறி வந்திருச்சோ? எந்த நிமிஷத்துல ஆடிச்சுன்னு பாரும்.”

பார்த்தார்கள். ஆட்டக் கோட்டை ஒரு பக்கம் போட்டு, ஆண்கள் அலைவரிசையின் ஒலிப்பதிவை அதன் கீழே போட்டார் மாசானமுத்து. யாரோ சிரிப்பார்கள். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணினால் எங்கேயோ ஒரு கிரேன் ஆடும். சிரிப்பு. ஒண்ணு, ரெண்டு. ஆட்டம். மூன்று மாதத்துக்கும் அப்படியே, கொலுசு கோத்த மாதிரி.

“ஆடும்போது பட்டையில வார இது என்ன அலை தம்பி?”

“இதுக்குக் குறுகல்னு பேருக்கா. கோவத்துக்கு ஒரு அலை இருக்கு, அதுல பெட்டி வேகமாப் போகும், ஆடாது. துக்கம் வந்தா கனமா நிக்கும். ஆனா ஒருத்தன், ‘என்னையச் சின்னதாப் பாத்துட்டானுவளே, நான் ஆம்பள இல்லன்னு நெனைச்சிருவானுவளோ’ன்னு பயந்தாம்னு வையுங்க, அந்தப் பயம் இருக்கே, அதுக்குத்தான் இப்படிப் பேயாட்டம். அவன் பயந்தது ஒங்களுக்கு இல்ல. பக்கத்து நாற்காலிக்காரனுக்கு.”

“பக்கத்து நாற்காலிக்காரன் எதுக்குப் பயப்படுதான்?”

“அதுக்குப் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு.”

பிலோமினா திரையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். “பதினொரு பேரும் வட்டமா நின்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் பயந்திருக்கான். நடுவுல தள்ளிவிட ஒரு ஆள் வேணும், நான் கெடைச்சேன்.”

“சார்கிட்டக் காட்டுவமா?”

“இந்தக் கோட்டக் காட்டினா, கோடு பொய்ம்பாவ. தூக்கிக் காட்டிட்டு அப்புறம் கோட்டக் காட்டுவோம். அந்த இணைப்பு இருக்குல்லா, அதுல என்ன தெரியும்?”

மாசானமுத்து தயங்கினார். “ரெண்டு பேரு மனசும் ஓரத்துல ஒட்டும்க்கா. அவரு நெனைக்கது கொஞ்சம் ஒங்களுக்கு வரும். காலைல முழிச்சதும் கனாவுல மிச்சம் நிக்கும்லா, அப்படி. ஒங்களுதும் அவருக்குப் போகும். மறைக்க முடியாது.”

“என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?” என்றாள் பிலோமினா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கப்பல் வந்தது. கொதிகலனைப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டால் கொற்றமுனை ஊரையே மூடிவிட்டு, மேலே ஒரு திருவிழாவும் நடத்தலாம். இணைப்புக்குப் பட்டைகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே பிலோமினாவை மண்டபத்துக்குக் கூட்டிவந்து, வேதநாயகத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்றப் பத்துப் பேரும் வெளியே கப்பல்துறையில், கையில் வயர்லெஸ்ஸோடு, வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் லாஷிங் பெண்கள் முப்பது பேர், கையில் இரும்புக் கம்பியோடு. அவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வந்த மாதிரி தெரியவில்லை.

மாசானமுத்து இணைப்பைப் போட்டார்.

முதலில் பிலோமினாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கில் வெற்றிலைச் சுவை வந்தது. அவள் வெற்றிலை போடுகிறவள் அல்ல. மேல் உதடு கனத்தது. மீசை! அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, வேலை இருந்தது. “தூக்குவமா அண்ணாச்சி?” “ம்.” இருநூற்று நாற்பது டன் கப்பலின் வயிற்றிலிருந்து எழுந்தது.

வேதநாயகத்தின் கை தெரிந்த கைதான். அவர் பக்கத்துக் கயிறு இறுகும் விதத்தை உள்ளேயிருந்து பார்த்தபோது அவளுக்கே மரியாதை வந்தது. கலன் கப்பல் விளிம்பைத் தாண்டியது. துறைக்கு மேலே வந்தது. கீழே தொண்ணூற்றாறு சக்கர லாரி காத்திருந்தது. இன்னும் இருபது அடி.

அப்போது ஆண்கள் அலைவரிசையில் குரூஸின் குரல். பிலோமினாவின் காதில் அந்த அலைவரிசை கிடையாது; ஆனால் வேதநாயகத்தின் காது இப்போது கொஞ்சம் அவளுடையதும்தான்.

“ஏல மக்கா, நம்ம அண்ணாச்சி பொம்பள கையப் புடிச்சுட்டு நடை பழகுதாருல!”

ஒன்பது பேர் சிரித்தார்கள்.

ஒண்ணு. ரெண்டு.

கலன் ஆடியது. நாலு விரற்கடை. ஐந்து. பிலோமினாவின் கண்ணுக்குள் ஒரு தெருமுனை வந்தது. அடிபம்பு. அதன் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பில் அக்காவின் பூப்போட்ட பாவாடை. நாய்க்குட்டி செத்ததற்கு அழுதிருக்கிறான். அழுத பையனைப் பாவாடை கட்டித் தெருவில் நிறுத்தியது அப்பா. அப்பாவைச் சுற்றி அவருடைய சேக்காளிகள். “ஏல, ஒனக்கு மக பொறந்திருக்கா!” சிரிப்பு. வீட்டு வாசலில் அம்மாவும் அக்காவும். அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்காததால் அவர்களும் சிரிப்பதாகவே நினைத்துக்கொண்டான். ஐம்பது வருஷமாக.

தான் பார்த்துவிட்டோம் என்பதை அவள் அறிந்த அதே நொடியில், அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. கலன் பதினொன்றரை விரற்கடை ஆடியது; பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சாண். கப்பல்துறையில் சிரிப்பு நின்று, ஓட்டம் ஆரம்பித்தது.

அவளுக்கு அந்தப் பிள்ளையின் மேல் பரிதாபம் வந்தது. உண்மை. ஒரு கண் சிமிட்டும் நேரம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, பாயும் தலையணையுமாகக் கோபம் வந்து உட்கார்ந்தது. ‘இந்தப் பிள்ளையப் பாவாடை கட்டி நிறுத்தினது எவனோ. அதுக்கு நான் கயித்துக் கிட்டங்கியில ஒக்காந்தேனா?’ கோபத்தில் பெட்டி ஆடாது என்று மாசானமுத்து சொன்னது சரிதான். அவள் பக்கத்துக் கயிறு கம்பி போல நின்றது. அது நின்றதும் கோபமும் இறங்கிப் போயிற்று; கயிறும் காற்றும்தான் மிச்சம்.

“அண்ணாச்சி” என்றாள். “அங்க நிக்காதீய. என் பக்கமா வாங்க.”

“நீ… நீ பாத்த…”

“பாத்தேன். அதுக்கு இப்பொ நேரம் இல்ல. காத்து தெக்கேருந்து வருது, தெரியுதா? ஒங்க மூணாங் கயிறு எறங்கிருக்கு. இங்க வந்து பாருங்க, இங்கேருந்து நல்லாத் தெரியும். வாங்க!”

வேதநாயகம் வந்தார். வேறு போக்கிடம் இல்லை. அவர் வந்து நின்ற இடத்தில் என்ன பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் வந்ததும் அவர் மூச்சு ஒரு தரம் தட்டுத் தடுமாறி, பிறகு சமமாயிற்று. கலன் ஆறு விரற்கடை. மூன்று. ஒன்று. தொண்ணூற்றாறு சக்கர லாரியின் மேல், தட்டில் இட்லியை வைத்தது போல உட்கார்ந்தது. லாரிக்காரன், “இன்னும் எறக்கலயா?” என்று கேட்டான்.

அளவு பார்த்தார்கள். அதிகபட்ச ஆட்டம், ஒரு சாணுக்கு அரை விரற்கடை குறைவு. லாஷிங் பெண்கள் கம்பியால் தரையைத் தட்டிய தட்டு திருச்செந்தூர் வரை கேட்டதாம். காயல்பட்டினம் வரை கேட்டது நிச்சயம்.

சனிக்கிழமை காலை ரத்தினவேலின் அறையில் விசாரணை. பிலோமினா ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மறுபக்கம் பதினொரு பேர். வேதநாயகம் நடுவில், தரையைப் பார்த்தபடி. மீசை முறுக்காமல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மனிதருக்குத் திடீரென்று பத்து வயது கூடிவிட்டது போலவும் குறைந்துவிட்டது போலவும் இருந்தது.

குரூஸ்தான் ஆரம்பித்தான். “ஒரு சாண் தாண்டல, சரி. ஆனா ஆடிச்சுல்லா சார்? அண்ணாச்சி வாழ்க்கைல அவ்வளவு ஆடினதே இல்ல. பொம்பள பக்கத்துல ஒக்காந்ததுலதானே?”

மாசானமுத்து திரையில் இரண்டு கோடுகளையும் போட்டார். ஆட்டம் ஆரம்பித்தது ஒன்றாம் நாற்காலியில். அதற்கு இரண்டு நொடி முன்னால் குரூஸின் குரல், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “கையப் புடிச்சுட்டு நடை பழகுதாருல!” பிறகு மூன்று மாதத்துச் சிரிப்புகளும் மூன்று மாதத்து ஆட்டங்களும். அவள் ஊரில் இல்லாத மூன்று நாட்களும். வளையல் சட்டம் கடுமையான தேதியிலிருந்து கோடு மலைபோல ஏறியிருந்தது.

“நாம சிரிக்கது தமாசுக்கு சார்!” என்று கத்தினான் குரூஸ். “தமாசுக்கெல்லாம் ஆம்பள ஆடமாட்டான். அவ உள்ள பூந்து அண்ணாச்சி மனச எதோ பண்ணிருக்கா. கேளுங்க சார், உள்ள என்ன பாத்தான்னு அவளக் கேளுங்க!”

ரத்தினவேல் அவள் பக்கம் திரும்பினார். “சொல்லுங்கம்மா. இணைப்புல என்ன தெரிஞ்சது?”

வேதநாயகம் நிமிரவில்லை. ஒரு வார்த்தை போதும். பாவாடை என்று ஒரு வார்த்தை சொன்னால், பத்துப் பேரும் அந்த மனிதரைச் சாகும் வரை சிரித்தே கொன்றுவிடுவார்கள். அவள் கையில் இருந்தது அது. இருநூற்று நாற்பது டன்னைவிடக் கொஞ்சம் கனம்தான்.

பிலோமினா எழுந்தாள்.

“பாத்தேன். சொல்லமாட்டேன். பெரிய மனசுன்னு யாரும் நெனைக்க வேண்டாம், எனக்கு அவ்வளவு பெரிய மனசு கெடையாது. மூணு மாசமா பலகைக்குள்ளயும் கயித்துக் கிட்டங்கியிலயும் வச்சீயள்ளா, அது எனக்கு மறக்காது. ஆனா அண்ணாச்சி, ஒங்க பயம் ஒங்களுது. அதச் சொமக்க நான் ஆள் இல்ல. ஒங்கள வச்சுச் சிரிக்கவும் நான் ஆள் இல்ல. நான் பெட்டி தூக்க வந்தவ. தொண்ணூறு நாள் தூக்கியாச்சு. சார், தாளுல கையெழுத்துப் போடுங்க. போடலேன்னா ஆறாம் நம்பர் நாற்காலிலேருந்து என்னய எழுப்ப ஆள் அனுப்புங்க. வார ஆளையும் தூக்கிக் கப்பல்ல வச்சு, சிங்கப்பூருக்கு அனுப்பிருவேன்.”

“பாத்தீயளா சார் திமிர!” என்றான் குரூஸ். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்களும் அவ மனசுக்குள்ள போனீயள்ளா? நம்மளப் பாத்து எப்படிச் சிரிக்கான்னு சொல்லுங்க!”

வேதநாயகம் மெல்ல நிமிர்ந்தார்.

“போனேன்ல.”

“சொல்லுங்க!”

“காத்து இருந்துச்சு. தெக்கத்திக் காத்து. கயிறு எட்டும் இருந்துச்சு, எந்தக் கயிறுல எவ்வளவு கனம்னு. லாரி மேல கலன் ஒக்கார வேண்டிய நாலு மூலை இருந்துச்சு. சாயங்காலம் மகளுக்கு வாங்க வேண்டிய நோட்டுப் புஸ்தகம் ஒண்ணு ஓரமா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“நாம?”

“நாம இல்லல.”

குரூஸுக்குப் புரியவில்லை. “இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல. நானும் தேடினேன். அந்த ஆட்டத்துலயும் தேடினேன். எங்கயாவது ஒக்காந்து என்னயப் பாத்துச் சிரிப்பான்னு பயந்து பயந்து தேடினேன். நீ இல்ல, நான் இல்ல, நம்ம வளையல் இல்ல. நம்மள யாரையுமே அவ உள்ள வச்சிருக்கல.”

“ஒரு மூலைலகூடவா அண்ணாச்சி?” கேட்டது ஐந்தாம் நம்பர்க்காரர். கிட்டத்தட்ட அழுதுவிடும் குரல்.

“ஒரு மூலைலயும் இல்ல.”

“ஏசக்கூட இல்லயா?”

“வேலைல இருக்கும்போது ஏசதுக்கு அவளுக்கு நேரம் இல்லல.”

பதினொரு பேரும் மூன்று மாதமாக ஒரு பெண்ணின் மனசுக்குள் பெரிய நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்தவர்கள். நாற்காலியும் இல்லை, மனையும் இல்லை, வாசலில் செருப்பு விட்ட அடையாளம்கூட இல்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“அப்பொ…” என்றான் குரூஸ். “மூணு மாசமா நம்மளப் பாத்துச் சிரிச்சது யாரு?”

வேதநாயகம் அவனைப் பார்த்தார். அடுத்தவனைப் பார்த்தார். வரிசையாகப் பத்து முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் மேலாளர் மேஜையின் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்தார்.

“எண்ணிப் பாரு” என்றார். “அவளக் கழிச்சுட்டா இந்த வேலைல மிச்சம் யாரு இருக்கா?”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினொரு பேருக்கும் தரையில் ஏதோ தொலைந்துபோயிருந்தது. ரத்தினவேல் ஒரு தரம் பதினொரு பேரையும், ஒரு தரம் பிலோமினாவையும் பார்த்தார். கடைசியாகப் பேசியது யார் என்று யோசித்தார் போலிருக்கிறது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிலோமினா தாளை வாங்கி, மை காய இரண்டு ஊது ஊதி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவை அடைத்துக்கொண்டு பதினொரு பேரும் நின்றார்கள்.

“தேடி முடிச்சாச்சுன்னா வழி விடுங்கய்யா” என்றாள். “வெளிய கப்பல் நிக்குது.”